வளையல் துண்டு ஒட்டிய தட்டான் படங்கள்

இன்று காலை பால் வாங்கக் கீழே இறங்கியபோது, நம் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு தட்டான் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. தண்ணீரில் அல்ல, யாரோ புதிதாக வாங்கி நிறுத்தியிருந்த காரின் முகப்பில். மழை பெய்து விட்டிருந்ததால் அது கண்ணாடிபோல் மினுங்கியது. குளம் என்று நினைத்துவிட்டது, பாவம். வாலை வளைத்து ஒரு தொடுதல், ஒரு எழும்பல், மறுபடி ஒரு தொடுதல். கம்பெனி பஸ்ஸுக்காக நின்றவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். "இங்க பாருங்களேன், இது ஏமாந்துபோச்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் பக்கத்தில் நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உங்களுக்கு ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய கடிதங்களே கொஞ்சம். அவற்றில் ஒன்று செய்த வேலை போதும் என்று பேனாவைத் தொடாமலே காலத்தைக் கழித்துவிட்டேன். இன்று அந்தத் தட்டானைப் பார்த்த பிறகு, அந்தக் கடிதத்தைப் பற்றியே உங்களிடம் பேசிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் ஒரு தடவைகூட நான் அதைச் சரியாகப் பேசவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வாழ வந்தவள் நான். எனக்குப் பத்தொன்பது வயது, உங்களுக்கு இருபத்தாறு. என் அத்தாவுக்குப் பழையபேட்டையில் வளையல் கடை. உங்கள் அத்தாவுக்கு ஓசூர் பஜாரில் புளியும் மிளகாயும் விற்கும் மண்டி. மண்டியில் உட்கார வேண்டிய ஒரே மகன் போட்டோ ஸ்டூடியோ வைத்துவிட்டானே என்று மாமாவுக்கு உங்கள்மேல் தீராத மனக்குறை. அந்த ஸ்டூடியோவும் என்ன பெரிய ஸ்டூடியோ! ஓட்டுக் கூரையில் நாலு கண்ணாடி ஓடு பதித்த ஒரே அறை. பின்னால் ஒரு திரைச்சீலை, அதில் ஒரு மாளிகைப் படிக்கட்டும் இரண்டு அன்னமும். ஒரு முக்காலியில் மரக் கேமரா, அதன்மேல் கறுப்புத் துணி.

விடியற்காலைச் சுபுஹு தொழுகை முடிந்த கையோடு நீங்கள் கேமராப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவதைக் கல்யாணமான புதிதில் பார்த்தேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவே எனக்குப் பத்து நாள் ஆனது.

"தூங்கறவங்களப் படம் எடுக்கப் போறேன்" என்றீர்கள்.

நான் விழித்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னீர்கள். பெங்களூர்க் கல்லூரி ஒன்றின் விலங்கியல் பேராசிரியர் ஏரிக்கரைக்குப் பூச்சி பிடிக்க வந்தவர், கேமராவில் சிக்கிக்கொண்ட பிலிமை எடுத்துத் தரச் சொல்லி உங்கள் கடைக்கு வந்தாராம். கழுவிப் பார்த்தால் அத்தனையும் அட்டையில் ஊசி குத்திவைத்த தட்டான்கள். "உசுரோட எடுத்தா இன்னும் நல்லா இருக்குமே சார்" என்று நீங்கள் சொல்ல, "எடுத்து அனுப்புங்களேன், பெயர் நான் எழுதி அனுப்புகிறேன்" என்றாராம் அவர்.

"பறக்கறத எப்படிங்க எடுப்பீங்க?"

"இந்த ஊர்க் குளிர்ல அதால பறக்க முடியாது. பனி றெக்கைமேல எறங்கி நனைஞ்சிடும். வெயில் வர்ற வரைக்கும் கோரையப் புடிச்சிக்கிட்டு அப்படியே இருக்கும். கிட்டப் போயி மூச்சு விட்டாலும் நகராது. வெயில் பட்டதும் றெக்கைய நடுக்க ஆரம்பிக்கும். அதுக்குள்ள எடுத்துடணும்."

இதைச் சொன்னபோது உங்கள் குரல் இறங்கியிருந்தது. அடுத்த அறையில் யாரோ குழந்தை தூங்குவதுபோல.

என்னை நீங்கள் கூட்டிப்போனது ஆசைக்காக அல்ல, நான் போர்த்தும் வெள்ளைத் துப்பட்டிக்காக. கிட்டத்தில் எடுத்தால் தட்டானின் ஒரு பக்கம் இருட்டிப்போகிறது, வெள்ளைத் துணி ஒன்றை எதிரில் பிடித்தால் வெளிச்சம் திரும்பி அதன்மேல் விழும் என்று கண்டுபிடித்திருந்தீர்கள். மாமியிடம் போய் நின்றீர்கள்.

"அம்மா, வெளிச்சம் புடிக்க ஒரு ஆள் வேணும். இவளக் கூட்டிட்டுப் போறேன்."

"வெளிச்சத்த யாராச்சும் புடிப்பாங்களாடா?" என்றார் மாமி. ஆனால் தடுக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அந்த விடியற்காலைகளை நான் நினைத்தால் சத்தமே இல்லாமல்தான் நினைவுக்கு வருகின்றன. ஏரி எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கரையில் நடந்தால் செருப்புக்குள் ஈரம் ஏறும். நெஞ்சளவு கோரை. ஒவ்வொரு தாளிலும் ஒன்றிரண்டாகத் தட்டான்கள் தொங்கிக்கொண்டிருக்கும். உடம்பெல்லாம் பனித்துளி, கண்மேல்கூடத் துளி. கண்ணாடி மணி கோத்த காது ஜிமிக்கிகளை யாரோ காயப்போட்டிருப்பதுபோல இருக்கும். நான் துப்பட்டியைத் தோளிலிருந்து எடுத்து இரண்டு கைகளாலும் விரித்துப் பிடிப்பேன். "இன்னும் கொஞ்சம் சாய்ச்சு… அங்கதான்… அசையாத" என்பீர்கள். நான் அசைய மாட்டேன். அதுவும் அசையாது. நீங்கள் கேமராவின் மூடியை எடுத்து, மனதுக்குள் எண்ணி, மறுபடி மூடுவீர்கள்.

ஒரு நாள், "உள்ள வந்து பாக்கறியா?" என்று கறுப்புத் துணியைத் தூக்கிக் காட்டினீர்கள். குனிந்து உள்ளே வந்தேன். அந்தக் கூடாரத்துக்குள் உங்கள் ஸ்வெட்டரின் நனைந்த வாசனை. எதிரே கேமராவின் சொரசொரப்புக் கண்ணாடியில் ஏரி தலைகீழாக நின்றது. வானம் கீழே, கோரை மேலே, நடுவில் ஒரு தட்டான் ஆகாயத்திலிருந்து முளைத்த மாதிரி. வெளியே இருப்பதைவிட அங்கே நிறங்கள் ஆழமாக இருந்தன. "எவ்ளோ அழகான மயில்கழுத்து நீலம்!" என்றேன். "ஆமா, நீலம்" என்றீர்கள். நம் இருவர் தோளும் ஒட்டியிருந்தன. யாரோ மாடு ஓட்டிக்கொண்டு போன கிழவர் நம்மைப் பார்த்துவிட்டு, "தூனீகலக்கு போட்டோனா!" என்று, தட்டானுக்குப் போட்டோவா எனத் தெலுங்கில் வியந்துகொண்டே போனார். நமக்குத் துணிக்குள்ளிருந்து சிரிப்பு அடங்கவில்லை.

அந்தச் சேலை விவகாரம் வந்தது அதற்குப் பிறகுதான். அப்போதெல்லாம் கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் பஞ்சு சுற்றிய குச்சியால் வண்ணம் தொட்டுக் கலர்ப் படம் ஆக்கித் தருவீர்கள். ஒரு கல்யாண வீட்டுக்காரர் படத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கடையில் கத்தினார்.

"என்னாப்பா இது, எம் பொண்ணு அரக்குச் சேலை கட்டியிருந்தா. நீ பச்சையப் பூசி வெச்சிருக்க!"

நான் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். உங்கள் காது மடல் வரை முகம் கன்றிப்போனதைப் பார்த்தேன். ஏனோ தெரியவில்லை, வெளியே வந்து, "மன்னிச்சிடுங்க, கலர் டியூபெல்லாம் நான்தான் எடுத்துக் குடுத்தேன், மாத்திக் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே டர்பன்டைனால் அந்தப் பச்சையைத் துடைத்து நானே அரக்கு ஏற்றினேன். வளையல் கடைக்காரர் மகளுக்குச் சேலைக்கு ஏற்ற நிறம் பிடிப்பதா கஷ்டம்? அதிலிருந்து வண்ணம் தொடுவது என் வேலை ஆயிற்று. நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு படத்தின் பின்புறமும், "சேலை என்னா கலர்ங்க, பார்டர் என்னா கலர்ங்க" என்று ஆட்களைக் கேட்டு நீங்கள் பென்சிலில் குறித்துவைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அந்தப் படத்தின் பின்புறம் மட்டும் காலியாக இருந்தது.

அடுத்த வாரம் ஏரியில் எனக்கு முழுசாகப் புரிந்தது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு தட்டான், வற்றல் மிளகாய் மாதிரிச் சிவப்பு. பச்சைக் கோரையில் அது நெருப்புத் துண்டுபோல் இருந்தது.

"அதோ பாருங்க, செவப்பா ஒண்ணு."

"எங்க?"

"இதோ, உங்களுக்கு நேரா."

"எங்க புள்ள?"

நீங்கள் அதையே பார்த்துக்கொண்டு கேட்டீர்கள். வெயில் பட்டு அது சிறகை நடுக்கியபோதுதான், "ஓ, இதுவா" என்று கேமராவைத் திருப்பினீர்கள். உங்கள் கண்ணுக்கு அந்தச் சிவப்பும் அந்தப் பச்சையும் ஒரே துணி என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. அன்றே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நான் ஊரில் இல்லாத ஒரு வாரம், அக்காவின் பிள்ளைப்பேற்றுக்காகக் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தபோது, நீங்கள் தனியாகவே படங்களை எடுத்து, நிறங்களையும் நீங்களே எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டீர்கள். நான் திரும்பி வந்த அன்று அவருடைய பதில் வந்திருந்தது. நீங்கள் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தீர்கள். ஆங்கிலக் கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னீர்கள். 'இந்த உருவத்தில் பச்சை நிறத் தட்டான் நம் பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் குறித்த நிறம் உறுதியானால் இது இதுவரை யாரும் பார்க்காததாகக்கூட இருக்கலாம். எங்கள் கல்லூரியில் படம் எடுக்க ஓர் ஆளை நியமிக்க இருக்கிறார்கள். அடுத்த மாதம் படங்களோடு வாருங்கள், உங்கள் பெயரை நான் சொல்கிறேன்.'

"யாரும் பாக்காதது புள்ள! நம்ம ஏரியில!"

உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை பார்த்ததில்லை. மாமாவிடமே போய்ச் சொன்னீர்கள். பூச்சியைப் படம் எடுப்பதற்குக் கல்லூரியில் வேலையா என்று அவர் தாடியைத் தடவிக்கொண்டார், ஆனால் மண்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். கோரை நுனியில் உட்கார்ந்திருந்தது அதே மிளகாய்ச் சிவப்புக்காரன். சாக்கடை ஓரமெல்லாம் பறப்பவன். பின்னால் உங்கள் கையெழுத்தில், 'உடல் முழுதும் பச்சை' என்று இருந்தது.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று பயந்தேன். வாத்தியார்கள் தப்பைத் திருத்துகிறவர்கள்தானே, அவருக்கு எழுதினால் யாருக்கும் தெரியாமல் ஒரு சொல்லை மாற்றிக்கொள்வார் என்று நினைத்தேன். உறைமேல் இருந்த ஆங்கில முகவரியைத் துணியில் பூவேலை போடுவதுபோல் எழுத்தெழுத்தாகப் பார்த்து வரைந்தேன். உள்ளே எனக்குத் தெரிந்த தமிழில் எழுதினேன்: 'ஐயா, அந்தத் தட்டான் சிவப்பு. என் வீட்டுக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறது. இதை அவருக்குச் சொல்லாமல் நீங்களே திருத்திக்கொள்ளவும். படங்களை அவர் மிகவும் நன்றாக எடுப்பார்.'

அடுத்த மாதம் நீங்கள் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினீர்கள். சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் முற்றத்தில் நின்றீர்கள்.

"லெட்டர் எழுதுனியா?"

நான் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தேன்.

"எழுதுனியான்னு கேட்டேன்."

"எழுதுனேங்க."

"அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆபீஸ்ல ஒருத்தன்கிட்ட குடுத்துப் படிச்சுச் சொல்லச் சொல்லியிருக்காரு. அவன் எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சிருக்கான். நான் உள்ள போனதும் ஒருத்தன் மைக்கூட்டத் தூக்கிக் காட்டி, இது என்னா கலர் சார்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீலம்னேன். நீலம் எனக்குத் தெரியும்." அப்போதுதான் செருப்பைக் கழற்றினீர்கள். "சரியாத்தான் சொன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க."

நான் அழ ஆரம்பித்தேன். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு…"

"இப்ப இது?"

அவ்வளவுதான். கேமராப் பெட்டியைப் பரண்மேல் வைத்துவிட்டீர்கள். கல்யாணப் படத்துக்கு மட்டும் அது இறங்கும். சுபுஹு தொழுதுவிட்டு நேராகக் கடைக்குப் போனீர்கள். வீட்டில் என்னோடு கோபமாகவும் இல்லை, அதுதான் கொடுமை. உப்பு போதும், தண்ணி கொண்டா, மழை வருது என்கிற அளவுக்குப் பேச்சு. நான் மட்டும் விடியலில் எழுந்து, ஏரிப் பக்கம் பனி இறங்கியிருப்பதைக் கொல்லைச் சுவர்மேல் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வருவேன்.

இப்படியே ஒன்றரை மாதம் போயிற்று. ராயக்கோட்டையிலிருந்து ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்க அழைப்பு வந்தது. பெண் வீட்டுப் பெண்கள் கோஷா பார்ப்பவர்கள், அந்நிய ஆணோடு பேசாதவர்கள், சேலை நகை நிறமெல்லாம் உள்ளே போய்க் குறித்துவர ஒரு பெண் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். பஸ் உத்தனப்பள்ளியைத் தாண்டியபோது, யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போன பழைய ரயில் மேடு ரோட்டோரமாகவே வந்தது. மேட்டுக்கு மண் எடுத்த குழிகளிலெல்லாம் மழைத் தண்ணீர். தண்ணீருக்குமேல் தட்டான்கள். நான் அவற்றைப் பார்த்தேன். நீங்கள் முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

படம் எடுத்து முடிந்து நாலு மணி பஸ்ஸுக்கு வந்தால், பஸ் எங்கேயோ கெட்டு நிற்கிறது, வர நேரமாகும் என்றார்கள். கோட்டை மலையின் அடிப்பாறையில் போய் உட்கார்ந்தோம். முக்காலியும் பெட்டியும் நமக்கு நடுவில். கீழே தக்காளிக் கூடை ஏற்றிக்கொண்டிருந்தவர்களின் சத்தம் மெல்ல மேலே வந்தது. பாறைக் குழிவு ஒன்றில் மழைத் தண்ணீர் தேங்கி, அதில் மேகம் போய்க்கொண்டிருந்தது. வெயில் சாய்ந்த நேரம். பாறை இன்னும் சூடாக இருந்தது. நான் உள்ளங்கையைப் பாறையில் வைத்துக்கொண்டு எதையும் நினைக்காமல் இருந்தேன்.

"கைய ஆட்டாத" என்றீர்கள்.

நான் திடுக்கிட்டேன். அந்தக் குரலைக் கேட்டு ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

"பக்கத்துல பாரு. தட்டான்."

பார்த்தேன். பாறைதான் இருந்தது.

"எங்கங்க?"

"ஒன் கைக்கு ஒரு சாண் தூரத்துல. றெக்கைய விரிச்சிப் படுத்திருக்கு பாரு. நுனியில கறுப்பும் வெள்ளையுமா பொட்டு."

குனிந்து பார்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். சாம்பலும் கறுப்புமாய்ப் புள்ளி புள்ளியாகக் கருங்கல், அவ்வளவுதான். நீங்கள் ஒரு சின்னக் கல்லை எடுத்து மெதுவாக உருட்டினீர்கள். பாறையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து எழுந்து பறந்தது. அது ஒரு சுற்றுச் சுற்றி, என் கண் முன்னாலேயே அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த நொடியில் இல்லாமல் போயிற்று.

"இப்பத் தெரியுதா?"

"தெரியலீங்க. சத்தியமாத் தெரியலீங்க."

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றது.

"தெரியலைன்னு சொல்றது ஒனக்கு எவ்ளோ சுலபமா இருக்குது" என்றீர்கள். "எனக்கு இருவத்தாறு வருசமா வரல."

அப்புறம் என்னைப் பார்க்காமல் பாறையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். உங்கள் ஏழெட்டு வயதில் மாமா மண்டியில் ஒரு கூடை மிளகாயைக் கொட்டி, பழுத்ததைத் தனியாக, பச்சையைத் தனியாகப் பிரிக்கச் சொன்னாராம். எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு வைத்தீர்களாம். விளையாட்டுப் புத்தி என்று அடித்தாராம்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அடியே பரவால்லன்னு வாங்கிக்கிட்டேன். அதான் மண்டி வேணாம்னு கேமராவுக்கு வந்தேன். இதுல கறுப்பும் வெள்ளையும்தான."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள் என்ற ஒரு சொல்லாவது. அதற்குள் நீங்கள் எழுந்து, "படத் தகடு ஒண்ணு மிச்சம் இருக்கு, இதுக்குக் கலரே வேணாம்" என்று முக்காலியை விரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். நான் துப்பட்டியை எடுத்தேன். எங்கே பிடிப்பது என்று தெரியாமல், நீங்கள் சொன்ன பக்கமெல்லாம் வெறும் பாறைக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்து ஹாரன் அடித்தும் நாம் இறங்கவில்லை. கண்டக்டர் கீழேயிருந்து கத்தினார்.

அந்தப் படத்தைப் பேராசிரியருக்கு அனுப்பச் சொன்னது நான். வேண்டாம் என்றீர்கள். பிறகு நீங்களே அனுப்பினீர்கள், பழைய ஏரிப் படங்களுக்கு நான் சொன்ன நிறங்களையும் சேர்த்து, கூடவே இரண்டு வரி எழுதி. அந்த இரண்டு வரியை எனக்குப் படித்துக் காட்டினீர்கள்: 'எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இனி நிறங்களை என் மனைவி சொல்வார்.'

பதில் சீக்கிரம் வந்தது. தன் அலுவலகத்தில் நடந்ததற்காக வெட்கப்படுவதாக முதல் வரியிலேயே எழுதியிருந்தார். வேலைக்கு வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள், அதைத் தன்னால் தடுக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். கருங்கல்லோடு கலந்துபோகிற அந்தத் தட்டானைப் பழக்கப்பட்டவர்களே தவறவிட்டுவிடுவார்கள், நீங்கள் எப்படிக் கண்டீர்கள் என்று கேட்டிருந்தார். அதன் லத்தீன் பெயரை நீங்கள் மூன்று தடவை திக்கித் திக்கிப் படித்தீர்கள். கடைசியில் எனக்கு ஒரு கேள்வி. 'உங்கள் மனைவி குறிக்கும் வெங்காயத்தோல் நிறம், ராமர் பச்சை, கத்திரிப்பூ நிறம் இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?'

நீங்கள் கடிதத்தை மடித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "என்னா செய்யலாம் சொல்லு."

அத்தாவின் கடையில் உடைந்த வளையலுக்கா பஞ்சம்? ஒரு தகர டப்பா நிறையத் துண்டுகள் கொண்டுவந்தேன். ஒவ்வொரு தட்டான் படத்தின் கீழேயும் அதன் நிறத்துக்குப் பொருந்துகிற ஒரு கண்ணாடித் துண்டைப் பசை தடவி ஒட்டினோம். மார்புக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. நெல்வயல் ஓரத்தில் பறந்த ஒன்றுக்கு எந்த வளையலும் பொருந்தவில்லை. சிவப்பின்மேல் ஊதா பூத்த மாதிரி இருந்தது. அதற்கு ரோஜாத் துண்டையும் கத்திரிப்பூத் துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நூலால் கட்டினேன். பேராசிரியர் அந்தப் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதாக எழுதினார். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி அனுப்பினார். அந்த மிளகாய்ச் சிவப்புக்காரனுக்கும்தான். உலகத்தில் யாரும் பார்க்காத பூச்சி ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. மறுபடியும் விடியலில் ஏரிக்குப் போனோம். நிறத்தை நான் சொன்னேன், இடத்தை நீங்கள் சொன்னீர்கள்.

ஒரு நாள் கடையில் ஒரு ரெட்டியார், "பாப்பாவோட பாவாடைக்கு நல்ல கலர் போடுப்பா" என்றார். நீங்கள் சாதாரணமாக, "எங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க. எனக்குச் செவப்பு பச்சை தெரியாதுங்க" என்றீர்கள். நான் திரைக்குப் பின்னால் வண்ணம் தொட்டுக்கொண்டிருந்தேன். குச்சி அப்படியே நின்றது. வாசலில் மாமா நின்றிருந்தார். எதற்கோ வந்தவர், அதைக் கேட்டுவிட்டார்.

ரெட்டியார் போன பிறகும் மாமா போகவில்லை. வெகுநேரம் கழித்து, "அந்த மொளகா…" என்று ஆரம்பித்தார்.

"அது இருக்கட்டும் அத்தா" என்றீர்கள்.

அவர் உங்கள் தோளில் கை வைத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. திரை நடுவில் இருந்தது.

அதற்கப்புறம் என்னென்னவோ ஆயிற்று. கலர் பிலிம் வந்தது, என் குச்சிக்கு வேலை இல்லாமல் போயிற்று. ரயில் மறுபடி வந்தது. தொழிற்பேட்டைகள் வந்தன, தொழிலாளர்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுத்தே நம் பிள்ளைகள் படித்தார்கள். பேராசிரியர் போய்ச் சேர்ந்தார். நம் படங்கள் அந்தக் கல்லூரியில் எந்த அலமாரியில் இருக்கின்றனவோ. ஒரு விஷயத்தை மட்டும் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் அந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. அதனால்தான் எல்லாம் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்று பிள்ளைகள் சொல்வார்கள். முடிந்தது சரிதான். ஆனால் அந்த மைக்கூட்டின் முன்னால் நீங்கள் தனியாக நின்றீர்கள். அதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

கடைசி மாதம் ஆஸ்பத்திரியில், ஒரு மத்தியானம், மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன்.

"செவப்பு எப்படி இருக்கும்?" என்று கேட்டீர்கள்.

ஐம்பது வருஷத்துக்குமேல் கூட இருந்தும் அதை ஒரு தடவைகூட நீங்கள் கேட்டதில்லை. எது சிவப்பு என்றுதான் கேட்பீர்கள். நான் மிளகாய் என்று சொல்லப்போனேன், வளையல் என்று சொல்லப்போனேன். எல்லாம் பொருளின் பெயர்கள். உங்களுக்கு அவை உதவாது. நீங்கள் அவசரப்படுத்தவில்லை.

"கூட்டத்துல தனியா நிக்கறப்ப, நம்ம ஆளு ஒருத்தர் திடீர்னு பக்கத்துல வந்து நின்னா எப்படி இருக்கும்? அப்படி இருக்கும்" என்றேன்.

நீங்கள் யோசித்தீர்கள். நெற்றியில் அந்தச் சுருக்கம் விழுந்து, பிறகு நேரானது.

"அப்ப நான் பாத்திருக்கேன்" என்றீர்கள்.

வளையல் துண்டு டப்பா எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை. கேமராவைப் பேரன் எடுத்துக்கொண்டான். நீங்கள் சொன்ன அந்த மூன்று வார்த்தைகள் மட்டும் என்னிடம் இருக்கின்றன.